தோற்றால் யாருக்கு நஷ்டம்? – ஒரு குட்டி ஊரில் நடந்த கூடைப்பந்துக் காட்சிப் போட்டிகள்

போன செமஸ்டரில் மார்க்கெட்டிங் பேப்பருக்கு ஆளுக்கொரு செமினார் எடுக்கச் சொன்னார்கள். நான் எடுத்துக்கொண்ட தலைப்பு, 2018-ல் லிதுவேனியா நாட்டில் நடந்த 'பிக் பாலர் பிராண்ட் சேலஞ்ச் கேம்ஸ்'. ஒரு ஷூ கம்பெனி, தன் முதலாளியின் இரண்டு பையன்களை ஒரு வெளிநாட்டு கிளப்பில் சேர்த்துவிட்டு, அவர்கள் ஆடுவதற்காகவே காட்சிப் போட்டிகளை நடத்தி, அதற்குத் தன் பெயரையும் வைத்த கதை. "என்னா மூளை பாருங்க!" என்ற தொனியில்தான் இருபது நிமிடமும் பேசினேன். கைதட்டலும் கிடைத்தது.

கேள்வி நேரத்தில் கடைசி பெஞ்ச் நண்பன் ஒருவன் எழுந்தான். வழக்கமாகத் தூங்குகிறவன். "அந்த மேட்ச்ல எதிர் டீம் தோத்துப் போச்சுன்னா அவங்களுக்கு என்னடா நஷ்டம்?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பதில் மட்டும் வரவில்லை. ஒரு நஷ்டமும் இல்லை என்பதுதான் பதில். அதை ஏன் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை என்று அன்று ராத்திரி யோசித்தபோதுதான், செமினாரைத் தலைகீழாக எடுத்திருக்கிறேன் என்று புரிந்தது. இந்தப் பதிவு அந்தத் தப்புக்கான பரிகாரம் :-)

கூடைப்பந்து தெரியாதவர்களும் படிக்கலாம். விளையாட்டைவிட வியாபாரம்தான் இதில் அதிகம்.

யார் இந்த 'பால்' குடும்பம்?

பசும்பால் இல்லை, பந்து. குடும்பப் பெயரே அதுதான். அப்பா லாவர் பால், அமெரிக்காவின் கலிபோர்னியாக்காரர். மூன்று பையன்கள்: லான்சோ, லியாஞ்சலோ, லமேலோ. மூன்று பேரையும் சிறு வயதிலிருந்தே கூடைப்பந்துக்காகவே வளர்த்தார். சினோ ஹில்ஸ் என்ற ஊரின் உயர்நிலைப் பள்ளி அணியில் மூவரும் சேர்ந்து ஆடியபோதே பெயர் பரவ ஆரம்பித்தது.

லாவரின் திட்டம் மற்ற அப்பாக்களின் திட்டத்திலிருந்து ஒரு இடத்தில் மாறுபட்டது. வழக்கமாக ஒரு பையன் நன்றாக ஆடினால் நைக்கி, அடிடாஸ் மாதிரி கம்பெனி வந்து ஒப்பந்தம் போடும். பையனுக்குச் சம்பளம், கம்பெனிக்கு லாபம். லாவரோ, "நாமே ஏன் கம்பெனி ஆகக் கூடாது?" என்று கேட்டார். பிக் பாலர் பிராண்ட் அப்படித்தான் வந்தது. மூன்று மகன்களுக்கும் சேர்த்து 100 கோடி டாலர் ஒப்பந்தம் வேண்டும் என்று 2017-ல் பேட்டி கொடுத்தார். பெரிய கம்பெனிகள் ஒதுங்கிக்கொண்டன. மே மாதம் லான்சோவின் பெயரில் அவரே ஒரு ஷூவை அறிவித்தார். விலை 495 டாலர்! அப்போது லான்சோ என்பிஏ-வில் ஒரு ஆட்டம்கூட ஆடியிருக்கவில்லை. அடுத்த மாதம் நடந்த தேர்வில் லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணி அவரை இரண்டாவது ஆளாக எடுத்தது. அப்பாவின் வாய்ச்சவடாலுக்கு அன்றைக்கு ஒரு நியாயம் கிடைத்த மாதிரி இருந்தது.

சிக்கல் அடுத்த இருவரிடம் வந்தது.

கடைக்குட்டி லமேலோ பள்ளி ஆட்டம் ஒன்றில் தனியாளாக 92 புள்ளி அடித்து (பிப்ரவரி 2017) நாடு முழுக்கப் பேசப்பட்டவர். ஆகஸ்ட் மாதம் அவர் பெயரிலும் ஷூ வந்தது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் அன்றைய விதிப்படி, மாணவர் தன் பெயரை வைத்துச் சம்பாதிக்கக் கூடாது. (2021 ஜூலையில் இந்த விதி தளர்ந்துவிட்டது. நாலு வருஷம் கழித்து இதே ஷூ வந்திருந்தால் கதையே வேறு.) ஆக, லமேலோவுக்குக் கல்லூரிக் கதவு பாதி மூடிவிட்டது. அக்டோபரில் லாவர் அவரைப் பள்ளியிலிருந்தும் எடுத்துவிட்டார்.

நடுப்பையன் லியாஞ்சலோ யுசிஎல்ஏ பல்கலைக்கழக அணியில் சேர்ந்திருந்தார். 2017 நவம்பரில் அணி சீனா போனபோது, ஹாங்சோவ் நகரில் கடையில் திருடியதாக அவரும் அணி நண்பர்கள் இருவரும் பிடிபட்டார்கள். அமெரிக்க அதிபர் டிரம்ப் சீன அதிபரிடம் பேசும் அளவுக்கு விஷயம் போனது. திரும்பி வந்ததும் பல்கலைக்கழகம் மூவரையும் இடைநீக்கம் செய்தது. "என் பையன் காத்திருக்க மாட்டான்" என்கிற ரீதியில் லாவர் டிசம்பரில் அவரையும் வெளியே கூட்டிவந்துவிட்டார்.

ஆக 2017 டிசம்பரில் நிலைமை இது: கையில் ஒரு பிராண்ட், ஃபேஸ்புக்கில் ஓடிக்கொண்டிருக்கும் குடும்ப ரியாலிட்டி ஷோ, 19 வயதிலும் 16 வயதிலும் இரண்டு பையன்கள். ஆட மட்டும் இடமில்லை. சரக்கு இருக்கிறது, கடை இல்லை.

பிரியெனை

கடை கிடைத்த இடம் பிரியெனை. லிதுவேனியாவின் தெற்கே, நேமுனாஸ் ஆற்றங்கரையில் சுமார் பத்தாயிரம் பேர் வாழும் ஊர். கௌனஸ் நகரத்துக்குப் பக்கம். அங்குள்ள கிளப்பின் பெயர் வீதௌதாஸ். நாட்டின் பெரிய மன்னர்களில் ஒருவரின் பெயர் அது. பக்கத்து ஊரான பிர்ஷ்டோனாஸில் எடுக்கும் கனிமநீர் பாட்டிலிலும் அதே பெயர்தான் இருக்கும்.

குட்டி நாடு, குட்டி ஊர், குட்டி கிளப் என்று நான் செமினாரில் ஒரே வரியில் தாண்டிப் போனேன். அது முதல் தப்பு. லிதுவேனியாவில் கூடைப்பந்து இரண்டாவது மதம் என்று சொல்வார்கள். சுமார் 30 லட்சம் பேர் உள்ள நாடு ஐரோப்பிய சாம்பியன் பட்டத்தை மூன்று முறை (1937, 1939, 2003) வென்றிருக்கிறது. 1992, 1996, 2000 என்று அடுத்தடுத்து மூன்று ஒலிம்பிக்கில் வெண்கலம்.

அந்த மதத்தை வளர்த்ததில் அமெரிக்காவிலிருந்து வந்தவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸில் லிதுவேனியப் பெற்றோருக்குப் பிறந்த ஃபிராங்க் லூபின், 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியில் தங்கம் வென்றவர். கையோடு லிதுவேனியாவுக்குப் போய் அங்குள்ளவர்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தார். அடுத்த ஆண்டே, அமெரிக்கா திரும்பாத வம்சாவளி ஆட்டக்காரர்களும் சேர்ந்த லிதுவேனிய அணி ரீகாவில் ஐரோப்பிய சாம்பியன் ஆனது. 1939-ல் கௌனஸில் இதற்கென்றே ஒரு அரங்கம் கட்டிப் போட்டியை நடத்தினார்கள். அணியின் ஆட்டக்காரரும் பயிற்சியாளரும் லூபின்தான். லாட்வியாவை 37-36 என்று ஒரே புள்ளியில் ஜெயித்தார்கள். அந்த ஒரு புள்ளியை அந்த நாடு இன்னும் மறக்கவில்லை.

ஸ்பான்சர் விஷயத்திலும் அவர்களிடம் ஒரு நல்ல கதை இருக்கிறது. சோவியத் யூனியனிலிருந்து பிரிந்த புதிதில், 1992 பார்சிலோனா ஒலிம்பிக்குக்குப் போக லிதுவேனிய அணியிடம் பணமில்லை. என்பிஏ-வில் ஆடிக்கொண்டிருந்த ஷாருனாஸ் மார்ச்சுலியோனிஸ் அலைந்து திரிந்து நிதி திரட்டினார். 'கிரேட்ஃபுல் டெட்' என்ற அமெரிக்க ராக் இசைக்குழு பணம் கொடுத்ததோடு, கலர் கலராகச் சாயம் போட்ட, எலும்புக்கூடு பந்து போடும் படம் உள்ள டி-ஷர்ட்டுகளையும் சேர்த்தது. முன்னாள் சோவியத் நாடுகளின் கூட்டணியை 82-78 என்று தோற்கடித்து வெண்கலம் வாங்கிய லிதுவேனியர்கள், அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டே மேடை ஏறினார்கள். அந்தச் சட்டை பிரமாதமாக விற்றது. அந்த ஸ்பான்சர், "யாரோடு ஆடவேண்டும், யாரை இறக்கவேண்டும்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பணம் கொடுத்தார்கள், ஆட்டத்தை ஆட்டக்காரர்களிடம் விட்டார்கள்.

இப்படிப்பட்ட ஊருக்குத்தான் 2018 ஜனவரி முதல் வாரம் பால் குடும்பம் கேமராக்களோடு வந்து இறங்கியது.

லீக் ஆட்டம் வேறு, காட்சி ஆட்டம் வேறு

வீதௌதாஸ் கிளப் அந்தப் பருவத்தில் இரண்டு தொடர்களில் இருந்தது. ஒன்று உள்நாட்டு உயர் லீக். இன்னொன்று, பால்டிக் கூடைப்பந்து லீக். முன்பு ஒரு காலத்தில் பிரியெனை கிளப்பே வென்ற தொடர் அது.

லாவருக்கு ஒரு சங்கடம் இருந்தது. உள்நாட்டு லீக்கில் ஆடுபவர்கள் முழுநேரத் தொழில்முறை ஆட்டக்காரர்கள். முப்பது வயது தாண்டிய, உடம்பில் சதையும் தலையில் அனுபவமும் உள்ளவர்கள். 16 வயதுப் பையனை அங்கே நாற்பது நிமிடம் இறக்க எந்தப் பயிற்சியாளரும் துணிய மாட்டார். பையன் உட்கார்ந்திருந்தால் கேமரா எதைக் காட்டும்? ஷூ எப்படி விற்கும்?

அதற்கு வந்த தீர்வு: பால்டிக் லீக்கிலிருந்து கிளப் விலகிக்கொண்டது. காலியான நாட்களில் 'பிக் பாலர் பிராண்ட் சேலஞ்ச் கேம்ஸ்' என்ற பெயரில் ஐந்து நட்புமுறை ஆட்டங்கள் அறிவிக்கப்பட்டன. செலவும் பெயரும் பிராண்டினுடையது.

செமினாரில் நான் வியந்து பேசிய இடம் இதுதான். இப்போது நிதானமாகப் பாருங்கள். ஜெயித்தால் அட்டவணையில் ஏறி, தோற்றால் இறங்கும் ஆட்டங்களை விட்டுவிட்டு, ஜெயித்தாலும் தோற்றாலும் எதுவும் மாறாத ஆட்டங்களை வாங்கியிருக்கிறார்கள். (அந்த பால்டிக் லீக் 2018-லேயே மூடப்பட்டது என்பது தனிக்கதை. அதற்கு இவர்கள் காரணம் என்று நான் சொல்லவில்லை.)

கிளப்பின் பக்கம் நியாயமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். சின்ன ஊர் கிளப்புக்கு வருமானம் என்ன பெரிதாக வந்துவிடப் போகிறது? டிக்கெட், உள்ளூர் ஸ்பான்சர், நகராட்சி உதவி, அவ்வளவுதான். திடீரென்று அமெரிக்காவிலிருந்து பணமும் பத்திரிகையாளர் பட்டாளமும் வந்து நிற்கும்போது வேண்டாம் என்று சொல்ல எத்தனை நிர்வாகிகளால் முடியும்? நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஜனவரி 9, ஜனவரி 13

முதல் காட்சி ஆட்டம் ஜனவரி 9-ல் நடந்தது. எதிரணி ஜல்கிரிஸ்-2. பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். ஐரோப்பாவின் பெரிய கிளப்புகளில் ஒன்றான கௌனஸ் ஜல்கிரிஸின் இளையோர் அணி அது; இரண்டாம் நிலை லீக்கில் ஆடுவது. ஆட்டம் ஃபேஸ்புக்கில் நேரலையாகப் போனது. உலகம் முழுக்க ஆட்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். வீதௌதாஸ் 90-80 என்று ஜெயித்தது. லியாஞ்சலோ 19 புள்ளி. லமேலோ 10 புள்ளி, 9 அசிஸ்ட் (சகவீரர் கூடை போட வழிசெய்த பாஸ்). விளம்பரப் படம் எடுத்திருந்தால்கூட இவ்வளவு அழகாக எழுதியிருக்க முடியாது.

நாலே நாள் கழித்து, ஜனவரி 13. உள்நாட்டு லீக். எதிரணி பனெவேஜிஸ் நகரத்தின் லியெட்காபெலிஸ். இது நிஜமான ஆட்டம், நிஜமான அட்டவணை. அண்ணன் தம்பி இருவரும் இறங்கினார்கள். வீதௌதாஸ் தோற்றது. சகோதரர்கள் இருவரும் சேர்ந்து எடுத்த புள்ளி: பூஜ்யம்.

அதே கால்கள், அதே ஷூ, அதே பந்து. மாறியது ஒன்றே ஒன்று: எதிரில் நின்றவர்களுக்கு அந்த ஆட்டத்தில் ஜெயிக்கவேண்டிய அவசியம் இருந்தது. என் நண்பன் கேட்ட கேள்விக்கு இந்த இரண்டு தேதிகள்தான் பதில்.

பையன்களைக் கிண்டல் செய்வது என் நோக்கமில்லை. பதினாறு வயதில் நானெல்லாம் பிளஸ் ஒன் கணக்குப்பதிவியலில் இருப்புநிலைக் குறிப்பு டேலி ஆகாமல் அழுதுகொண்டிருந்தவன். முதல் தொழில்முறை ஆட்டத்தில் ஒரு பையன் புள்ளி எடுக்காதது சாதாரண விஷயம். யாருக்கும் தெரியாமல் போயிருக்கவேண்டிய பூஜ்யம் அது. நாலு நாள் முன்னால் அடித்த தண்டோராவால்தான் அது உலகச் செய்தி ஆனது.

1985: ட்ரியெஸ்தே

"அப்போ காட்சிப் போட்டி வைப்பதே தப்பா? எல்லா கம்பெனியும் செய்கிறதே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால் முப்பது வருஷம் பின்னால் போய், நன்றாகப் பலித்த ஒரு காட்சிப் போட்டியைப் பார்ப்போம்.

1984-ல் நைக்கி கம்பெனி மைக்கேல் ஜோர்டன் என்ற 21 வயது இளைஞரை ஒப்பந்தம் செய்தது. ஐந்து வருஷம், ஆண்டுக்கு சுமார் 5 லட்சம் டாலர். அன்றைக்கு அது பெரிய சூதாட்டம். 1985 கோடையில் நைக்கி அவரை விளம்பரத்துக்காக ஐரோப்பா கூட்டிப்போனது. ஆகஸ்டில் இத்தாலியின் ட்ரியெஸ்தே நகரில் ஒரு காட்சி ஆட்டம். உள்ளூர் கிளப்பின் ஸ்பான்சர் ஸ்டெஃபானெல் என்ற ஆடை நிறுவனம். ஜோர்டன் அந்தக் கிளப்பின் ஆரஞ்சுச் சட்டையைப் போட்டுக்கொண்டு கசெர்த்தா அணிக்கு எதிராக இறங்கினார். ஆக, ஒரே ஆட்டத்தில் இரண்டு கம்பெனிக்கு விளம்பரம். 30 புள்ளி அடித்தார். நடுவே ஒரு தடவை உயரத் தாவிப் பந்தைக் கூடைக்குள் திணித்ததில் கண்ணாடிப் பலகையே உடைந்து நொறுங்கிக் கொட்டியது. அன்று அவர் போட்டிருந்த ஷூ, அடியில் குத்தி நின்ற கண்ணாடித் துண்டோடு, 2020-ல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 6,15,000 டாலருக்குப் போனது.

வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். இளம் வயது ஒப்பந்தம், ஷூ கம்பெனி, ஐரோப்பிய ஊர், கணக்கில் சேராத ஆட்டம். ஆனால் வரிசையைக் கவனியுங்கள். ட்ரியெஸ்தே வருவதற்கு முன்பே ஜோர்டன் என்பிஏ-வில் ஒரு முழுப் பருவம் ஆடி, ஆட்டத்துக்குச் சராசரி 28.2 புள்ளி எடுத்து, சிறந்த புதுமுகம் விருதும் வாங்கிவிட்டார். அவரை நிறுத்தியே தீரவேண்டும் என்று மல்லுக்கட்டிய அணிகளுக்கு எதிராக எடுத்த புள்ளிகள் அவை. கண்ணாடி உடைந்ததைப் பார்த்து யாரும் "இவன் ஆடுவானா?" என்ற முடிவுக்கு வரவில்லை. ஏற்கெனவே தெரிந்ததை ஒரு மறக்க முடியாத படமாக எடுத்துக்கொண்டார்கள்.

பிரியெனையில் வரிசை தலைகீழ். படம் முதலில் வந்தது. நிரூபணம் பிறகு வரவேண்டும் என்று காத்திருந்தார்கள்.

நம்ம பாடத்தில் இதற்குப் பெயர் உண்டு

பி.காம் நண்பர்களுக்கு 'நற்பெயர்' பாடம் நினைவிருக்கும். ஒரு தொழிலுக்கு ஊரில் நல்ல பெயர் இருக்கிறது. அதற்கு மதிப்பும் இருக்கிறது. ஆனால் அந்த மதிப்பை முதலாளி தானே மனக்கணக்குப் போட்டு இருப்புநிலைக் குறிப்பில் சொத்தாகக் காட்டக் கூடாது. வேறொருவர் அந்தத் தொழிலை வாங்கும்போது, நிகரச் சொத்துக்கு மேல் உண்மையான பணம் கொடுத்தால், வாங்கியவருடைய ஏட்டில்தான் அது நற்பெயராக ஏறும். காரணம் எளிமையானது. வெளியாள் ஒருவர் தன் காசைப் பணயம் வைக்காத வரை அந்த மதிப்புக்குச் சாட்சி இல்லை.

காட்சி ஆட்டத்தில் அடித்த 19 புள்ளியும் அப்படித்தான். அதற்குச் சாட்சி இல்லை. லீக் ஆட்டத்தில் எதிரணி தன் இடத்தை, தன் சம்பளத்தை, தன் அடுத்த வருட ஒப்பந்தத்தைப் பணயம் வைத்து நிற்கிறது. அவர்களைத் தாண்டி எடுத்த இரண்டு புள்ளிக்கு இருக்கும் சாட்சி, சேலஞ்ச் கேம்ஸில் எடுத்த இருபதுக்கு இல்லை.

இன்னொரு பாடமும் இருக்கிறது: 'உறவுடைய தரப்பினர் பரிவர்த்தனை'. வாங்குபவரும் விற்பவரும் ஒரே குடும்பம் என்றால் அதைத் தனியாக வெளியிடவேண்டும். விலை நியாயமானதுதானா என்ற சந்தேகம் வரும் அல்லவா? பிரியெனையில் ஸ்பான்சர் அப்பா. ஆட்டக்காரர்கள் மகன்கள். நிகழ்ச்சி படமாக ஓடுவது குடும்ப ஷோவில். போதாக்குறைக்கு ஒரு காட்சி ஆட்டத்தில் லாவரே பயிற்சியாளர் இடத்திலும் நின்றார். நடுவர் மட்டும்தான் வெளியாள்!

இதே சமயம் அமெரிக்காவில் ஒரு கூத்து. வியாபார நிறுவனங்களுக்குத் தரமதிப்பீடு கொடுக்கும் 'பெட்டர் பிசினஸ் பீரோ' என்ற அமைப்பு, வாடிக்கையாளர் புகார்களை வைத்து பிக் பாலர் பிராண்டுக்கு 'எஃப்' மதிப்பெண் போட்டது. ஆர்டர் செய்த பொருள் நேரத்துக்கு வரவில்லை என்பது முக்கியப் புகார். இரண்டு பெயருக்கும் சுருக்கம் ஒன்றேதான்: பிபிபி-க்கு பிபிபி ஃபெயில் போட்ட கதை :-) ஷூ கேட்டவருக்கு ஷூ அனுப்பும் வேலை பின்தங்கிக் கிடக்க, கடல் தாண்டி ஆட்டம் நடத்தப் பணம் போய்க்கொண்டிருந்தது.

ஏப்ரல்

சேலஞ்ச் கேம்ஸ் முடிந்த பிறகு மீதம் இருந்தது உள்நாட்டு லீக் மட்டும். அணி அட்டவணையின் அடியில் கிடந்தது. பயிற்சியாளர் விர்ஜினியுஸ் ஷெஷ்குஸுக்கு ஒவ்வொரு வெற்றியும் உயிர்ப் பிரச்னை. லாவருக்கோ மகன்கள் எத்தனை நிமிடம் ஆடினார்கள் என்பது பிரச்னை. ஒரே பெஞ்சில் இரண்டு கணக்கு எத்தனை நாள் ஓடும்?

லியாஞ்சலோ தேறினார் என்றுதான் சொல்லவேண்டும். லீக் ஆட்டங்களில் சராசரியாக 12 புள்ளிக்கு மேல் எடுத்தார். லமேலோ லீக்கில் 8 ஆட்டம் ஆடினார்; சராசரி 6.5. பதினாறு வயதுக்கு அது கேவலமான எண் ஒன்றும் இல்லை. ஆனால் 92 புள்ளிப் பையன் என்று விற்கப்பட்டவனுக்கு அது ஏமாற்றமான எண். ஏப்ரல் கடைசியில், பருவம் முடிய ஒருசில ஆட்டங்களே இருந்த நிலையில், பயிற்சியாளரைக் குறைசொல்லிவிட்டு லாவர் மகன்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஸ்பான்சர் உறவும் அதோடு முடிந்தது. வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை.

மிச்ச ஆட்டங்களை வீதௌதாஸின் மற்ற ஆட்டக்காரர்கள் ஆடினார்கள். நான் செமினாரில் ஒரு வரிகூடப் பேசாத ஆட்கள் அவர்கள். பால்டிக் லீக்கில் ஆடலாம் என்று நம்பிப் பருவத்தை ஆரம்பித்தவர்கள். ஒரு தொழில்முறை ஆட்டக்காரருக்குப் பத்துப் பதினைந்து வருஷம்தான் ஆயுள். அதில் ஒரு வருஷத்தின் நிஜ ஆட்டங்களை எடுத்துவிட்டு, பின்னணியில் நின்று பாஸ் கொடுக்கும் வேலையைக் கொடுத்திருக்கிறோம். அந்த நஷ்டத்தை எந்த ஏட்டில் எழுதுவது?

பிறகு என்ன ஆனது?

லாவர் சோர்ந்துவிடவில்லை. 2018 கோடையில் அமெரிக்காவில் ஜேபிஏ என்று சொந்தமாக ஒரு லீக்கையே ஆரம்பித்தார். எட்டு அணி, எல்லா அணிக்கும் அதே பிராண்ட் சட்டை. லமேலோவின் அணி கோப்பை வென்றது (ஆச்சரியம் வேண்டாம்). ஒரே பருவத்தோடு அந்த லீக் நின்றுபோனது. 2019 மார்ச்சில் மூத்தவர் லான்சோவே பிராண்டிலிருந்து விலகினார். கம்பெனிக் கணக்கில் சுமார் 15 லட்சம் டாலருக்குப் பதில் இல்லை என்று பங்குதாரர் மீது புகார் சொன்னார். குடும்பத்துக்குள்ளேயே தணிக்கை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

லமேலோவின் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. 2019-ல் அவர் ஆஸ்திரேலியா போனார். இல்லவாரா ஹாக்ஸ் அணி. அங்கே அப்பா பயிற்சியாளர் இல்லை, ஆட்டத்துக்குக் குடும்பப் பெயர் இல்லை. அட்டவணை, தோல்வி, காயம் எல்லாம் உண்டு. அடிபட்டுப் பாதியில் நின்றாலும் 12 ஆட்டத்தில் சராசரி 17 புள்ளி. அந்த லீக்கின் சிறந்த புதுமுகம். 2020 நவம்பரில் என்பிஏ-வின் சார்லட் ஹார்னெட்ஸ் அணி மூன்றாவது ஆளாக எடுத்தது. 2021-ல் என்பிஏ-விலும் சிறந்த புதுமுகம். 2022-ல் ஆல்-ஸ்டார்.

அவர் காலில் இருந்த ஷூ? பூமா. 2020-ல் போட்ட ஒப்பந்தம். அப்பா கம்பெனி அல்ல. வெளியாள், தன் காசைப் பணயம் வைத்து வாங்கியது. கணக்குப்பதிவியல் வாத்தியார் சொன்ன மாதிரி, அன்றைக்குத்தான் நற்பெயர் ஏட்டில் ஏறியது.

லியாஞ்சலோ என்பிஏ-வில் ஒரு லீக் ஆட்டமும் ஆடாமல், 2025-ல் 'ட்வீக்கர்' என்ற ராப் பாட்டால் திடீரென்று பிரபலமானார். அந்தப் பாட்டு கூடைப்பந்து அரங்குகளிலும் ஒலித்தது. யாரும் எதிர்பார்க்காத திருப்பம்தான். அதில் எனக்குச் சந்தோஷம்கூட.

லாவரை வில்லனாக்கி முடிப்பது சுலபம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆட்டக்காரனின் பெயரை வைத்துக் கம்பெனிகள் கோடிகளில் சம்பாதிக்க, கல்லூரியில் ஆடும் பையனுக்குப் பத்துக் காசு கிடையாது என்ற விதியை அவர் கேள்வி கேட்டார். சில வருஷத்தில் அந்த விதியே மாறியது. கேள்வி சரி. மகன் மேல் வைத்த நம்பிக்கையும் வீண்போகவில்லை. லமேலோ நிஜமாகவே பெரிய ஆட்டக்காரன்தான். தப்பு எங்கே என்றால், அந்த நம்பிக்கையை வெளியில் சோதிக்க விடாமல், சோதனை மாதிரி தெரியும் ஒன்றைத் தானே கட்டிக்கொடுத்ததில். அதனால் பையனுக்கு லாபமில்லை. பூஜ்யம் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. ஊருக்கும் லாபமில்லை, நாலு மாதம் கேமரா வந்து போனது.

அடுத்த முறை யாராவது ஏதாவது ஒரு ஆட்டத்தைக் காட்டி "பாத்தியா, எப்படி ஜெயிச்சோம்!" என்றால், என் கடைசி பெஞ்ச் நண்பன் கேட்டதைக் கேட்டுப் பாருங்கள். எதிரில் நின்றவனுக்குத் தோற்றால் என்ன நஷ்டம்?

செமினாருக்கு எனக்குப் பத்துக்கு ஒன்பது மார்க். அவன் கேள்விக்கு மார்க் ஏதும் போடவில்லை. அந்த ஒன்பதில் பாதியை டீக்கடையில் அவனுக்குக் கொடுத்துக் கணக்கை நேர்செய்துவிட்டேன், வடையோடு :-)